ஆறு மாவும் ஒரு வாரமும்

அப்பாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் ஆறு மா நிலம் இருந்தது. ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். அது கைவிட்டுப் போனது என்னால்தான். வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

நாங்கள் மயிலாப்பூரில் இரண்டு அறையில் குடியிருந்தோம். ஊரில் குத்தகைக்காரர் பயிர் செய்தார். விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய மூட்டைகளை அவர் அளக்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் பாவம், எங்கே போவார்? தீர்வைக்கும் வரப்பு வெட்டவும் அப்பாதான் தேனாம்பேட்டை ஆபீஸ் சம்பளத்திலிருந்து மணியார்டர் அனுப்புவார்.

"நிலம் நமக்குச் சோறு போடணும். நாம அதுக்குப் போட்டுக்கிட்டிருந்தா எத்தனை நாளைக்கு?" என்று அம்மாவிடம் புலம்புவார். ரைஸ்மில்காரர் ஒருவர் விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பாவுக்கு விற்க மனசில்லை. நிலம் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள ஒரு வழி கிடைத்தால் போதும் என்றிருந்தார்.

அந்த வழியோடுதான் குத்தகைக்காரர் ஒரு நாள் வந்தார். அப்பா ஆபீஸில், அம்மா ரேஷன் கடையில். அவருக்கோ ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

"குத்தகை கட்டுப்படியாவல பாப்பா. அப்பாவை வாரத்துக்கு விடச் சொல்லு. நெல்லறுத்துட்டு உளுந்தும் போட்டா நெலம் தானா நிக்கும். சம்மதம்னா ஐயாவை ஒரு கார்டு போடச் சொல்லு."

செலவில் பாதி, விளைச்சலில் பாதி என்று பங்கிட்டுக்கொள்வதற்கு அவர் ஊரில் வாரம் என்று பெயர். எட்டு வயதில் எனக்குத் தெரிந்த வாரத்தில் ஏழு நாள்தான். உளுந்து வாசலிலேயே மறந்துபோயிற்று. ஒரு வாரம் கேட்பவர் அவர் என்றால் கார்டும் அவர்தானே போட வேண்டும்? அதையும் நானே திருத்திக்கொண்டேன்.

சாயங்காலம், "குத்தகை கட்டுப்படியாகலையாம். ஒரு வாரம் விடணுமாம். அப்புறம் கார்டு போடுவாராம்" என்று அப்பாவிடம் ஒப்பித்தேன்.

"யோசிக்க டயம் கேக்கிறார் போல," என்றார் அப்பா. ஒரு வாரம் காத்திருந்தார், பிறகு ஒரு மாதம். "இன்னா பாப்பா, தெனம் வந்து நிக்கிறே? உங்களுக்கு ஒண்ணியும் இல்ல," என்று தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். அங்கே அந்த மனிதரும் எங்கள் கார்டுக்குத்தான் காத்திருந்திருப்பார். இருவருமே ரோஷக்காரர்கள். பொங்கலுக்கு முன்னால் நிலம் ரைஸ்மில்காரர் பெயருக்கு மாறியது. குத்தகையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டவர், அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாராம்.

பிற்பாடு பேங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். விவசாயக் கடன் மனு ஒன்றில் 'குத்தகையா, வாரமா' என்று கேட்டிருந்ததைப் பார்த்து, பக்கத்து சீட்டுக்காரரிடம் அர்த்தம் கேட்டேன். அவர் சொன்ன பிறகுதான் குத்தகைக்காரர் அன்றைக்குக் கேட்டது என்ன என்று எனக்குப் புரிந்தது. அப்பா அப்போது உயிரோடு இருந்தார். வருகிறவர்களிடமெல்லாம், "அந்த ஆளு ஒரு வழி சொல்லியிருந்தா வித்திருக்கவே மாட்டேன்" என்பார். எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. பயம்தான், வேறென்ன? சொல்லாமலே அவரை அனுப்பிவைத்துவிட்டேன்.

கிரயம் முடிந்து வந்த அன்று அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய், பெரிய மனுஷி மாதிரி, "விடுங்கப்பா, அவர்தானே சொன்னபடி கார்டு போடலை," என்றேன்.

அப்பா என் தலையைத் தடவினார். "ஆமாம்மா. நீயாவது அவர் சொன்னதை அப்படியே வந்து சொன்னியே," என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.