முத்துப்பிரியா போட்ட விலை

ஜக்கையன் என்று பெயர் சொன்னால் போடியில் நாலு பேருக்குத் தெரியாது. "ரேட்டு பாத்துச் சொல்ற கம்ப்யூட்டர்காரர்" என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டில் யாரும் கைகாட்டி விடுவார்கள். அவர்தான் என் வீட்டுக்காரர். கடை என்று நானும் வாய் கூசாமல் சொல்லிக்கொள்கிறேன். எட்டுக்குப் பத்தில் ஓர் அறை. உள்ளே இரண்டு பழைய கம்ப்யூட்டர், ஒரு மேசை, இவர். இன்னோர் ஆள் வந்தால் இவர் எழுந்து வாசலில் நின்றுதான் பேச வேண்டும்.

கெட்டுப்போன கம்ப்யூட்டரைச் சரிபார்ப்பது பிழைப்பு. உயிர் இருந்ததோ 'ரேட்டுப் பலகை'யில். அது இவரே எழுதிய இணையப் பக்கம். கம்ப்யூட்டருக்குள் போடுகிற ஒரு சாமானின் பெயரைக் கொடுத்தால், மதுரையில் என்ன விலை, கோயம்புத்தூரில் என்ன விலை, ஆன்லைன் கடைகளில் என்ன விலை என்று வரிசையாகக் காட்டும். தேவாரத்திலிருந்து ஒருவர் மதுரைக்குப் போய், ஒரே சாமானுக்கு அடுத்த கடையை விட இரண்டாயிரம் கூடக் கொடுத்துவிட்டு வந்து நின்றாராம். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இது. காசு வாங்குவதில்லை, விளம்பரம் போடுவதில்லை. புண்ணியத்துக்கு நடக்கிறது.

நடந்தால் சரி என்று விட்டாரா? அதுதான் கிடையாது. தினமும் அதைத் திருத்திக்கொண்டே இருப்பார். கூரியர் செலவையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று ஒரு மாதம் உட்கார்ந்தார். இருப்பில் இல்லாத சரக்குக்கு மலிவு விலை போட்டு ஆளை இழுக்கும் கடைகளைக் களையெடுக்க இன்னொரு மாதம். "நல்லாத்தான இருக்கு, விடுங்களேன். வேற சோலியே இல்லையா?" என்று நான் கத்தினால், "இன்னும் ஒண்ணே ஒண்ணு, கலை, அதோட முடிஞ்சுரும்" என்பார். அந்த ஒண்ணே ஒண்ணைப் பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன ஆவணியில் ஒரு பெரிய திருத்தம் செய்தார். அதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் ஊர் ஏலக்காய் ஏலத்தைச் சொல்ல வேண்டும். கடை போடும் முன்னால் இவர் ஆறு வருஷம் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் கம்ப்யூட்டர் பார்த்தவர். ஏலத்தில் தோட்டக்காரருக்கு ஓர் உரிமை உண்டு. கேட்ட விலை வராவிட்டால் "கட்டுப்படியாகலை" என்று ஒரு வார்த்தை சொல்லி மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகலாம். சரக்குக் கிட்டங்கியில் பூட்டி வைத்திருந்து, விலை ஏறும் நாளில் கொண்டுவந்து விற்கலாம். பொறுத்தவன் ஜெயித்த கதைகளைக் கேட்டே இவர் வளர்ந்தார். எங்கள் ஊரில் அவசரப்பட்டு விற்றவனைத்தான் கேலி செய்வார்கள்.

அந்த உரிமையை வாங்குகிறவனுக்கும் கொடுக்க வேண்டும் என்று இவருக்குத் தோன்றிவிட்டது. பலகையில் ஒரு பொத்தான் வைத்தார். பெயரே 'கட்டுப்படியாகலை'தான். இன்றைய விலை பிடிக்கவில்லையா? அதை அழுத்தி உன் விலையைப் போடு. அந்த விலைக்கு இறங்கும் அன்று போனுக்குச் சேதி வரும். பக்கத்திலேயே இரண்டு வருஷ விலையைக் கணக்குப் பார்த்து, 'வாங்கு' அல்லது 'பொறு' என்று பலகையே யோசனை சொல்லும். கம்ப்யூட்டர் சாமான் விலை எப்போதும் இறங்குமுகம் என்பதால் பெரும்பாலும் 'பொறு'தான் வரும். போட்ட விலையை யாராவது ஏற்றினால், 'அவசரம் வேண்டாமே' என்று கேட்கும். இறக்கினால், 'நல்ல முடிவு. பொறுத்திருங்கள், விலை உங்கள் வழிக்கு வரும்' என்று தட்டிக்கொடுக்கும். அந்த வரியை எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பொய் சொல்வானேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போதுதான் முத்துப்பிரியா வந்தாள். எங்கள் தெருக்கோடி பேச்சியக்காவின் மகள். பேச்சியக்கா விடிகாலையில் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, எஸ்டேட்டில் காய் பறித்துவிட்டு இருட்டுகிற நேரத்துக்கு இறங்குகிறவர். புருஷன் இல்லை. மகளை அந்த ஜீப்பில் ஏற்ற மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்று சிவில் டிப்ளமோ படிக்க வைத்தார். அவளுக்குக் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றில் கட்டடப் படம் வரைகிற வேலை கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் கம்ப்யூட்டர் அவளுடையதாக இருக்க வேண்டும். இன்னின்ன சாமான் உள்ளே இருக்க வேண்டும் என்று பட்டியல் கொடுத்து, நவம்பர் பதினைந்துக்குள் கம்ப்யூட்டரைத் தயாராகக் காட்டச் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணே, என்கிட்ட இருக்கிறது இவ்வளவுதான். இதுக்குள்ள முடியுமாண்ணே?" என்றாள்.

"பலகை இருக்குல்ல ஆத்தா. ஒவ்வொண்ணா பாத்து வாங்குவோம்" என்றார் இவர்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் நடந்தது. போர்டு, பிராசசர், பெட்டி, மானிட்டர் என்று ஒவ்வொன்றும் விலை இறங்கும் நாளில் சேதி வந்தது, ஒவ்வொன்றாக வாங்கினாள். நாலாயிரத்துக்கு மேல் மிச்சம். பேச்சியக்கா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கடைக்கே வந்து, "எம் புள்ளைக்கு ஒரு வழி காமிச்சுட்டீக தம்பி" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். இவருக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

கடைசியாக ஒன்று பாக்கி. ரேம். விரல் நீளப் பட்டை. அது இல்லாமல் கம்ப்யூட்டரால் எதையும் நினைவில் வைக்க முடியாது, திரையில் ஒன்றும் வராது. புரட்டாசியில் அது ஒன்பதாயிரத்து இருநூறு. அவள் கையில் அதற்குக் காசு இருந்தது. வாங்கிப் போட்டிருந்தால் அன்றோடு தீர்ந்தது. பலகை 'பொறு' என்றது.

"எட்டாயிரம் போடு ஆத்தா. மத்ததெல்லாம் எறங்குச்சுல்ல? இதுவும் எறங்கும்" என்றார் இவர். அவள் பொத்தானை அழுத்தி எட்டாயிரம் போட்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் ஒன்பதாயிரத்து எண்ணூறு. ஒரு கடையில் மட்டும் ஏறியிருக்கும் என்றார். தீபாவளிக்குப் பன்னிரண்டாயிரம். பண்டிகை முடிந்தால் விழும் என்றார். விழவில்லை. செயற்கை அறிவு என்கிறார்களே, அதற்கு வேண்டிய பெரிய எந்திரங்களுக்காக உலகத்தில் இருக்கிற மெமரியையெல்லாம் பெரிய கம்பெனிகள் மொத்தமாக வாங்குகின்றனவாம். எங்கேயோ எவனோ வாங்குகிறான், போடியில் ஒரு பெண்ணுக்கு ஒரு பட்டை கிடைக்கவில்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

இவர் மதுரையில் தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டார். இருந்தால் கொடுக்க மாட்டோமா என்றார்கள். கடையில் இருந்த ரேம் எல்லாவற்றையும் கழற்றிக் கொட்டிப் பார்த்தார். எல்லாம் பழைய வகை, அவள் போர்டில் பொருந்தாது. சின்ன அளவில் ஒன்றைப் போட்டுக் காட்டலாமா என்று அவள் கம்பெனியில் கேட்டாள். பட்டியலில் உள்ளபடிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்களிடம் இருந்த மூவாயிரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேச்சியக்கா வாங்க மாட்டேன் என்று திருப்பித் திணித்துவிட்டார். வாங்கியிருந்தாலும் எட்டியிருக்காது. நவம்பர் பத்தாம் தேதி விலை இருபதாயிரம்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் கூலிக்குப் போகிற ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ ஒரு தோட்டக்காரரைப் பற்றி, "அவருக்கென்ன, வச்சிருந்து விப்பாரு" என்றார்கள். போட்டது போட்டபடி எழுந்து கடைக்கு வந்தேன்.

"ஏங்க, தோட்டக்காரன் கட்டுப்படியாகலைன்னு சொன்னா, மூட்டை அவன் கையில இருக்கு. வச்சிருந்து விப்பான். இந்தப் புள்ள கையில என்னங்க இருக்கு, வச்சிருக்க? விக்கிறவன் புத்தியை வாங்க வந்தவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டீங்களே!"

எப்போதும் ஒரு பதில் வைத்திருக்கிற மனிதர். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ஏன் இது தோணல?" என்று மட்டும் கேட்டார். எனக்கும்தானே தோணவில்லை. போடியில் பிறந்த யாருக்குத் தோன்றும்?

பதினைந்தாம் தேதி வந்தது, போனது. கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள் போல. கம்ப்யூட்டர் தயாரானதும் சொல்லுங்கள், அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது பார்க்கலாம் என்றார்கள். அடுத்த தடவை எப்போது என்று சொல்லவில்லை.

மார்கழி முதல் வாரத்தில் காலையில் பால் வாங்கப் போனவள் ஜீப் ஸ்டாண்டில் முத்துப்பிரியாவைப் பார்த்தேன். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, பேச்சியக்கா பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். "சும்மா கொஞ்ச நாளைக்கு மதினி. ரேம் வாங்குற வரைக்கும்" என்று சிரித்தாள். பேச்சியக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஜீப்பு கிளம்பிவிட்டது.

இவர் கடைக்குப் போய் முதல் வேலையாக 'பொறு' என்ற யோசனையைப் பலகையிலிருந்து எடுத்தார். 'இறங்கும், ஏறும், யாருக்கும் தெரியாது' என்று எழுதினார். பொத்தானையும் எடுக்கப் போனவர், கையை எடுத்துக்கொண்டார். பொத்தானை எடுத்தால் அவள் போட்ட விலையும் போய்விடும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்களுக்கு ஒரு தண்டனை. மலை மேல் சிக்னல் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு இறங்கியதும், அவள் பலகையைத் திறந்து தன் விலையை ஏற்றுவாள். வீட்டுச் செலவு போக மிஞ்சியிருந்த எட்டாயிரத்தோடு அந்தந்த வாரம் சேர்ந்ததைக் கூட்டித்தான் போடுவாள். எட்டாயிரத்து அறுநூறு. ஒன்பதாயிரத்து முந்நூறு. பத்தாயிரம். கடையில் இவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவள் அறுநூறு ஏறினால் ரேம் இரண்டாயிரம் ஏறும். தை இரண்டாவது சனிக்கிழமை அவள் பன்னிரண்டாயிரத்து நானூறு. ரேம் முப்பத்து மூன்றாயிரம்.

"போயி அந்தப் புள்ளகிட்ட வேணாம்னு சொல்லுங்களேன். பாக்கச் சகிக்கல" என்றேன்.

"சொல்லிட்டு? அப்புறம் எதுக்கு அவ மலை ஏறணும்? அதையும் நானே சொல்லணுமா?" என்று கத்திவிட்டு, கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை.

தை மாதம் மூன்றாவது சனிக்கிழமை இவர் என்னைக் கூப்பிட்டார். திரையில் முத்துப்பிரியாவின் பெயருக்கு நேரே நாலாயிரம் என்று இருந்தது.

"தப்பா அடிச்சிருப்பாளோ?" என்றார். அப்படி இருக்கட்டும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் போனோம். பேச்சியக்கா கட்டிலில் கிடந்தார். சரிவில் வழுக்கி விழுந்து வலது கால் முறிந்து, முழங்கால் வரை மாவுக்கட்டு. சேர்த்ததில் எட்டாயிரத்துச் சொச்சம் அதற்குப் போயிருந்தது. இனி ஜீப்பில் ஏறுவது மகள் மட்டும்தான். மூலையில் கம்ப்யூட்டர் புதுத் துண்டு போர்த்தி இருந்தது. பூக்கூட வைத்திருந்தார்கள்.

பேச்சியக்கா எழ முயன்று முடியாமல், "தம்பிக்குக் காப்பி போடு பிரியா" என்றார். எங்கள் மேல் அவருக்குக் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

முத்துப்பிரியா துண்டை விலக்கி சுவிட்சைப் போட்டுக் காட்டினாள். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. மானிட்டர் இருட்டாகவே இருந்தது. "வாரா வாரம் ஒருக்கா போட்டுப் பாத்துருவேண்ணே. சும்மா கெடந்தா கெட்டுப் போயிரும்ல" என்றாள்.

"நல்லா வச்சிருக்க ஆத்தா" என்றார் இவர்.

"கொறச்சுப் போட்டுட்டேன்னு தப்பா நெனைக்காதீங்கண்ணே. எனக்கும் மனசு கேக்கல. ஆனா பலகையே சரின்னு சொல்லிருச்சு" என்று போனை நீட்டினாள்.

போனில் அந்த வரி இருந்தது. 'நல்ல முடிவு. பொறுத்திருங்கள், விலை உங்கள் வழிக்கு வரும்.'

'பொறு'வை எடுத்தவர் இதை எடுக்க மறந்திருந்தார். போட்ட விலையை யாராவது இறக்குவார்கள் என்று இவர் இத்தனை மாதத்தில் நினைக்கவே இல்லை. அவள் குத்திக் காட்டவில்லை. நிம்மதியாகச் சொன்னாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"வந்துரும்லண்ணே?" என்று கேட்டாள்.

ரேட்டு கேட்டால் தூக்கத்திலும் சொல்கிற மனிதர். அவள் முகத்தையும் கட்டிலில் இருந்த காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, வரும் என்று தலையை ஆட்டினார். பாவி மனுஷன், வேறென்ன செய்வார்.