கார்டு இல்லாத கேமரா

சீரோ வாட் பல்பின் இரண்டு ஒயர்களையும் பிளாஷுக்கு மின்சாரம் சேர்த்து வைக்கும் அந்தக் கறுப்பு உருளையின் கால்களில் வைக்கிறாள் தேவகனி. பல்பு மின்னி அணைகிறது. மறுபடியும் வைக்கிறாள். மின்னவில்லை. மூன்றாம் முறையும் வைத்துப் பார்த்து, “அடங்கிட்டியா சவமே?” என்று கேட்டுவிட்டுத்தான் கேமராவுக்குள் விரலை விடுவாள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கேமரா அவளை முக்காலியோடு சாய்த்துவிட்டது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் உள்ளே அத்தனை மின்சாரம் பதுங்கியிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில், குடைக்கடை மாடியில் அவள் அறை. எல்லாரும் செல்போனில் படம் பிடிக்கத் தொடங்கிவிட்ட 2014-லும் அவளுக்கு வேலை இருந்தது. எட்டு, பத்து வருஷம் முன்னால் கல்ஃபிலிருந்து பெட்டியில் வந்த டிஜிட்டல் கேமராக்கள். லென்ஸ் பாதியில் நின்றிருக்கும், இல்லாவிட்டால் பேட்டரி கசிந்து தகட்டில் பச்சை பூத்திருக்கும். கடுகைவிடச் சின்னத் திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒட்டுநாடாவில் பதித்து வைப்பாள். அவை பறந்துவிடும் என்று, வேர்த்துக் கொட்டினாலும் ஃபேன் போடமாட்டாள். “சரியாயிருமா?” என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: “பாப்பம் மக்கா.”

எதற்கும் முன்னால் படங்கள் இருக்கும் மெமரி கார்டை உருவி, கொண்டுவந்தவர் கையிலேயே கொடுத்துவிடுவாள். “இத நீயே வச்சுக்கோ. எனக்க கைல இருக்காண்டாம்.” ஐந்து வருஷம் முன்பு திரையில் வந்த கேள்வியைச் சரியாக வாசிக்காமல் ‘யெஸ்’ அமுக்கியதில், பூங்கனி என்ற பெண்ணின் நிச்சயதார்த்தப் படங்கள் மொத்தமும் அழிந்துபோயின. அவளுடைய அம்மா உயிரோடு நின்ற கடைசிப் படங்கள் அவை. பூங்கனி சண்டை போடவில்லை. “பரவால்லக்கா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். திட்டியிருந்தால் தேவகனி மறந்திருப்பாள்.

ஆவணி மாதம் ஒரு மத்தியானம் நேசபாய் வந்தாள். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. கேமராவின் பொத்தானை அமுக்கினால் லென்ஸ் நறநறவென்று பாதி நீண்டு, அப்படியே நின்று, எல்லாம் அணைந்தது. லென்ஸ் இடுக்கில் அந்தக் கரையின் கறுப்பு மணல். கார்டை எடுக்க மூடியைத் திறந்த தேவகனி திகைத்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

“கார்டு எங்க?”

“அப்பிடி ஒண்ணு போட்டதே இல்லக்கா.”

படங்கள் கேமராவின் சொந்த நினைவகத்தில் இருந்தன. அதன் சர்க்யூட் பலகை போனால் அவையும் போகும்.

நேசபாயின் புருஷன் ஜஸ்டஸ் கல்ஃபுக்கு மீன்பிடிக்கப் போய் நாலு மாசமாகப் போன் இல்லை. “ஏஜென்ட்ட போய்க் கேட்டா, உனக்க மாப்பிள்ள மொகமே எனக்குத் தெரியாதுண்ணு சொல்லுதான் எக்கா. அவன் எங்க வீட்டு முற்றத்துல நிண்ணு பாஸ்போர்ட்டக் குடுத்தத இதுலதான் எடுத்தேன். நாளைக்குக் காலத்த மீனவர் சங்கத்துக்காரங்க கலெக்டர் ஆபீசுக்குப் போறாங்க.”

தேவகனி கேமராவை மெதுவாக அவள் பக்கம் தள்ளினாள். “எனக்குப் பயமாட்டு இருக்கு மக்கா. திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போ.”

“நேரம் இல்லக்கா. நாலு கடைல முடியாதுண்ணுட்டாங்க.”

அவள் போகவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றாள். தேவகனி கேமராவைத் திரும்பத் தன் பக்கம் இழுத்தாள்.

ஆனால் அதைக் கழற்றித் திறக்கவில்லை. பேட்டரித் தகட்டில் பூத்திருந்த பச்சையை வினிகர் தொட்ட குச்சியால் சுரண்டிக் காயவைத்து, புது பேட்டரி போட்டாள். படம் பிடிக்கும் பொத்தான் பக்கமே விரல் போகவில்லை. படம் பார்க்கும் பொத்தானை மட்டும் அமுக்கிப் பிடித்தால் சில கேமராக்களில் லென்ஸ் அசையாமல் திரை மட்டும் உயிர் பெறும். அமுக்கினாள். திரை வெளுத்து அணைந்தது. நேசபாய் “மாதாவே” என்றாள். மறுபடியும் அமுக்கினாள். ஒரு சிலுவை, ஒரு பெருநாள் கூட்டம், பிறகு முற்றம். வெள்ளைச் சட்டைக்காரன் நீட்டிய பாஸ்போர்ட்டை ஜஸ்டஸ் சிரித்தபடி வாங்கிக்கொண்டிருந்தான்.

“அனங்காத, அப்பிடியே நில்லு” என்றாள் தேவகனி. வேறெதையும் தொடுவதற்கு முன்னால் தன் கேமராவை எடுத்து அந்தத் திரையையே ஆறு முறை படம் பிடித்தாள். அப்புறம்தான் காலி கார்டைச் செருகினாள். எல்லாப் படங்களையும் கார்டுக்கு நகலெடுக்கும் இடத்துக்குப் போனதும் திரை கேட்டது: ‘யெஸ்’ஸா, ‘நோ’வா? அதே மாதிரிப் பெட்டி, அதே இரண்டு சொற்கள். கேள்வியை எழுத்தெழுத்தாக வாசித்தாள். மறுபடி வாசித்தாள். நேசபாயின் முகத்தைப் பார்க்காமல் அமுக்கினாள். பச்சைக் கோடு ஊர்ந்து முடியும்வரை இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமர்ந்திருந்தாள். பதினொரு படங்களும் கார்டில் ஏறியிருந்தன.

மறுநாள் கலெக்டர் ஆபீசுக்கு வரவழைத்து அந்தப் படத்தைக் காட்டியதும், ஜஸ்டஸை எங்கே அனுப்பினான் என்று சொல்ல ஏஜென்டுக்கு வாய் திறந்தது. மூன்று வாரம் கழித்து நேசபாய் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். “எக்கா, உயிரோட இருக்காரு! கடல் எல்ல தாண்டிட்டாங்கண்ணு அங்க ஜெயில்ல வச்சிருக்கானுவ. இண்ணு காலத்த போன்ல பேசினாரு. விட்டுருவாங்களாம்.”

சந்தோஷமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேவகனிக்குத் தெரிந்தது. ஆனால் கையை நீட்டினாள்.

“கார்டு வச்சிருக்கியா?”

நேசபாய் ஜெபமாலைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தேவகனி அதைக் கம்ப்யூட்டரில் செருகி, திரையில் விரலை வைத்து, ஒன்று, இரண்டு என்று முணுமுணுத்தபடி பதினொன்று வரை எண்ணினாள்.