எக்கோவை எடுக்க மறந்தவர்

என் வீட்டுக்காரர் எதையும் அறிவிக்காமல் செய்ய மாட்டார். "இப்போ ஜன்னலைச் சாத்தப் போறேன்" என்பார். பிறகு, யாராவது விளிம்பில் கையை வைத்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பார். அதன்பிறகுதான் சாத்துவார். அதற்குள் மழை வீட்டுக்குள் வந்து காலை நீட்டிப் படுத்திருக்கும். என் நாத்தனார், அவருடைய சொந்தத் தங்கை, அவருக்கு வைத்திருக்கும் பெயர் ரேடியோ.

இது பிறவிக் குணம் இல்லை, தொழில் கொடுத்தது. ஆஸ்பத்திரி ஒன்றின் சர்வர் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது அவர் வேலை. கறுப்புத் திரையில் கட்டளைகளை வரிசையாக எழுதி, ஸ்கிரிப்ட் என்று பெயர் வைத்து, தான் செய்ய வேண்டிய வேலையை யந்திரத்தின் தலையில் கட்டிவிடுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய குப்பையை அழிக்க அப்படி ஒன்று எழுதினார். எந்த ஃபோல்டரை அழிப்பது என்று சொல்ல வேண்டிய இடம் காலியாக இருந்துவிட்டது. யந்திரம் 'எதை?' என்று கேட்கவில்லை. தலைமை மருத்துவரின் குடும்பப் படங்கள் உட்பட, கண்ணில் பட்டதையெல்லாம் துடைத்துவிட்டது.

அன்றிலிருந்து எக்கோ என்ற சொல் அவருக்கு உயிர். கட்டளைக்கு முன்னால் அதைப் போட்டால் யந்திரம் வேலையைச் செய்யாது. என்ன செய்யப் போகிறது என்று எழுதிக் காட்டும், அவ்வளவுதான். படித்துப் பார்த்து, சரியாக இருந்தால் எக்கோவை எடுத்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். நல்ல பழக்கம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை.

நான் தையற்காரி. நாடகக் குழுக்களுக்கு உடை தைக்கிறேன். ராஜாவின் அங்கி, சேவகனின் தொப்பி, பேயின் பாவாடை என்று ஒவ்வொன்றுக்கும் வெட்டு மாதிரி நானே வரைந்தது. அவற்றை அவர் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தார். "இனிமே காகிதம் எதுக்கு?" என்றார். அவர் பேச்சைக் கேட்டுக் காகிதங்களைத் தூக்கிப் போட்டேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, மாதிரிகளை அதற்கு மாற்றிய ஞாயிற்றுக்கிழமை, இரண்டு ஸ்கிரிப்ட் எழுதினார். ஒன்று, அந்த மாதிரிகளைத் தினமும் தனி டிஸ்க்கில் நகலெடுக்க. இன்னொன்று, நாத்தனாருக்குத் தர இருந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் கிடப்பதை அழிக்க. இரண்டுக்கும் எக்கோ போட்டு ஓட்டிப் பார்த்து, "பிரமாதம்!" என்று தொடையைத் தட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து போன். போட்டது போட்டபடி ஓடினார். திரும்பி வந்தபோது எல்லாம் முடித்துவிட்ட நினைப்பு.

அப்புறம் தினமும் பல் தேய்த்துக்கொண்டே யந்திரம் எழுதி வைத்ததை எனக்கு வாசிப்பார். "ராஜா அங்கி, நகல். சேவகன் தொப்பி, நகல். எல்லாம் பத்திரம்!" நாத்தனார் மட்டும் ஒருநாள், "அண்ணா, நீ குடுத்த பெட்டியில இடமே இல்லையே" என்றாள். "நீ எதையாவது அடைச்சு வச்சிருப்ப" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

பெரிய குழு ஒன்றின் உடைகளுக்காக நான் கத்தரிக்கோலைக் கையில் எடுத்த அன்று என் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. மாதிரி இல்லாமல் துணியில் கை வைக்க முடியாது. நாடக நாளுக்குள் உடை போய்ச் சேராவிட்டால் அந்தக் குழு மட்டுமில்லை, வேறு எந்தக் குழுவும் என் வாசலை மிதிக்காது.

"பயப்படாதே. இப்போ நகலைத் திறக்கப் போறேன்" என்றார்.

திறந்தார். டிஸ்க் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. ஸ்கிரிப்டைத் திறந்தார். கட்டளைக்கு முன்னால் எக்கோ சட்டமாக உட்கார்ந்திருந்தது. அந்த யந்திரம் ஒருநாள்கூட நகலெடுக்கவில்லை. நகலெடுக்கிறேன் என்று தினமும் எழுதி மட்டும் வைத்திருக்கிறது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் முதலில் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். "நீங்கதான் வாய்ப்பந்தல் போடுவீங்கன்னு நினைச்சேன். உங்க யந்திரமும் அதையே கத்துக்கிச்சா?"

அவர் முகம் செத்துப்போயிருந்தது. "பழைய பெட்டியிலயாவது விட்டு வச்சிருக்கலாம். அதையும் சுத்தமா அழிச்சுட்டேனே" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அழிச்சீங்களா, இல்ல அழிக்கறேன்னு சொன்னீங்களா?"

ரேடியோ முதல் தடவையாக எதையும் அறிவிக்காமல் எழுந்து, என் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடியது. நானும் பின்னாலேயே ஓடினேன்.

ராஜாவும் சேவகனும் பேயும் நாத்தனார் வீட்டுப் பெட்டியில் ஓர் அங்குலம் அசையாமல் இருந்தார்கள். நாத்தனார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இப்போ சொல்லு, யாரு அடைச்சு வச்சது?" என்றாள்.

பெட்டியைக் கொடுத்த பிறகு நான் வரைந்த மாதிரிகள் போனது போனதுதான். அதற்காக அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இந்தக் குழுவுக்கு வேண்டியவை எல்லாம் பழையவை என்பதால் மானம் தப்பியது.

அன்று மாலை துணியை வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார். எக்கோவை எடுத்துவிட்டதாகவும், இனி தினமும் நகலில் ஒன்றைத் திறந்து கண்ணால் பார்க்கப்போவதாகவும் சொன்னார். நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். தொண்டையைச் செருமினார்.

"இப்போ உன்கிட்ட மன்னிப்புக் கேக்கப் போறேன்."

நான் நிமிரவில்லை. "எக்கோவை எடுத்துட்டுக் கேளுங்க" என்றேன்.