என் வண்டியின் ஃபேன்

நாற்பது வயதுக்கு மேல்தான் ஸ்டீயரிங் என் கைக்கு வந்தது. கற்றுக்கொண்டது எங்கள் பழைய காரில். எங்கள் பட்டறையில் செய்யும் பீங்கான் புஷ்களைச் சேத்தியாத்தோப்பு வரை நானே கொண்டுபோய்க் கடைகளில் போட்டுவிட்டு வருவேன். இரும்புத் தகட்டில் ஒயர் நுழையும் ஓட்டையில் பொருத்துவது புஷ். தகட்டுக்குக் கரண்டு தாவாமல் காக்கும். கார் இல்லையென்றால் பெட்டியோடு பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், இல்லை வீட்டுக்காரர் பைக்கை எடுக்க மனசு வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் எனக்கு ஆகாது.

அந்தக் கார்தான் கம்மாபுரம் தாண்டி வரும்போது கொதித்துப்போய் நின்றது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, மோட்டார் போய்விட்டது என்றார். வீட்டுக்காரருக்கு அதுவே போதுமாக இருந்தது.

"என் வண்டி, நான் வித்துடறேன். நாளைக்குக் காலையில வாங்கறவரு வராரு."

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் குழம்பில் உப்பே போடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டேன்.

காலையில் அவர் குளிக்கப் போனதும் பானெட்டைத் திறந்தேன். பட்டறையில் ஒவ்வொரு புஷ்ஷையும் கரண்டு வைத்துச் சோதித்து அனுப்புவது நான்தான். அந்தப் புத்திதான் இங்கேயும். பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை நேராக மோட்டாருக்குக் கொடுத்தேன். விர்ரென்று சுற்றியது. மோட்டார் போகவே இல்லை! பியூஸும் நன்றாக இருந்தது. தண்ணீர் ஊற்றி, இன்ஜினைச் சூடாக்கி, ஃபேனுக்கு வரும் ஒயரில் ஒரு சின்ன பல்பை வைத்து, அதன் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவில் தொட்டுப் பார்த்தேன். எரிந்தது. அப்படியென்றால் கரண்டு வருகிறது, திரும்பிப் போகத்தான் வழியில்லை. காரில் கரண்டு இரும்பு பாடி வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பும்; ஃபேனிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். ஹெட்லைட்டுக்குப் பின்னால் அதைப் பாடியில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். போல்ட்டைச் சுற்றி வெள்ளையாக, வழவழவென்று, எங்கள் புஷ்.

வேறு ஊரில் யாருக்கும் இந்தத் தப்பு வராது. தெருவுக்குத் தெரு பீங்கான் பட்டறை இருக்கும் எங்கள் ஊரில் கட்டில் ஆடினாலும் கதவு இடித்தாலும் கைக்குக் கிடைத்த பீங்கானைத்தான் செருகுவோம்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவரிடம், "ஏங்க, இது நீங்க போட்டதா?" என்று கேட்டேன்.

"ஆமா. ஓட்டை துருப்பிடிச்சு அகண்டுபோச்சு, போல்ட்டு கடகடன்னு ஆடிக்கிட்டே இருந்துது. இப்ப எப்படி கச்சிதமா இருக்குது பாத்தியா?"

"பாத்தேன். பொட்டுக் கரண்டு விடல."

அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். திட்டத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. நான் சோதித்த புஷ் அல்லவா, எப்படி விடும்? அந்த எரிச்சலிலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

புஷ்ஷைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். பாடியில் துரு இல்லாத இடமாகப் பார்த்து, பெயின்டைச் சுரண்டி, ஒயரை முடுக்கினேன். இன்ஜினை ஓடவிட்டேன். சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது. சட்டென்று ஃபேன் சுற்றியது, முள் இறங்கியது.

அதற்குள் வாங்குகிறவர் வந்துவிட்டார். குனிந்து பார்த்தார்.

"ஃபேன் ஓடலன்னீங்க? நல்லாத்தான ஓடுது! என்னங்க, இப்பவே முடிச்சிடலாமா?" என்று இவரைக் கேட்டார்.

இவர் புஷ்ஷைக் கையில் உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"என்னைக் கேட்டா? அது அவ வண்டிங்க."

நான் சேத்தியாத்தோப்புக்குப் போக வேண்டிய பெட்டிகளை ஏற்ற ஆரம்பித்தேன்.