புத்தூர்க் கட்டும் வியட்நாம் படமும்

ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் முப்பது வருஷம் பவர்லூம் ஓட்டிய கோதைக்கு, தறிக்கூடத்துப் படியில் வழுக்கி வலது கை முறிந்தது. புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டாள். ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள். தனிக்கட்டை, ஒற்றைக் கையால் ஒரு வாய் சோறு வடிக்க முடியாது. பையை எடுத்துக்கொண்டு நேராகத் திருப்பதிக்கு ரயிலேறினாள். தம்பி இருக்கிறான், தங்கை இருக்கிறாள், எனக்கென்ன என்கிற திமிர்தான்.

அந்தத் திமிருக்கு அவளுக்கு உரிமை இருந்தது. அம்மா முன்னாலேயே போய்விட்டாள். நைனாவும் செத்தபோது கோதைக்குப் பத்தொன்பது, கேசவனுக்குப் பத்து, வள்ளிக்கு ஏழு. கேசவன் டிப்ளமா முடித்து ஸ்ரீசிட்டி கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனதும், வள்ளியைத் திருப்பதியில் கட்டிக்கொடுத்ததும் அக்காவின் தறியால்தான். தன்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் “இதுங்க ரெண்டும் ஆளாவட்டும்” என்று சொல்லிச் சொல்லியே, வருகிறவர்கள் வராமல் போனார்கள்.

ஐந்து நாள் கேசவன் வீட்டில் இருந்தாள். கட்டுக்குள் பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும். மூன்றாம் நாள் அது நாறாமல் என்ன செய்யும்? கேசவன் மனைவி ஹரிப்ரியா தெலுங்கு வீட்டுப் பெண். வாய்க்கு வாய் “வதினா” என்று நாத்தனாரை மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். மரியாதையாகவே ஊதுவத்தியும் ஏற்றினாள், ஒரு நாளைக்கு நாலு தடவை.

ஞாயிற்றுக்கிழமை வள்ளியை வரச்சொன்னார்கள். மீதி ஐந்து வாரம் அக்காவை யார் வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்க வேண்டும். பேச்சை யார் எடுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கேசவனின் மகள் பிரித்திகா டிவியில் ஒரு வியட்நாம் படத்தைப் போட்டாள். அடியில் ஓடிய இங்கிலீஷை அவளே அத்தைக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அதிலும் ஓர் அக்கா. அரிசி மில்லில் சாக்கு தைத்துத் தம்பிகள் இரண்டு பேரையும் தங்கையையும் வளர்த்தவள். அவளுக்குக் கண் மங்கியதும் எங்கள் வீட்டில் இடமில்லை என்று மூவரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அக்கா தடவித் தடவி மழையில் நடந்தாள். கேசவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினான். வள்ளியின் மூக்கு சிவந்துவிட்டது.

“பாவிங்க! கூடப் பொறந்தவள இப்டியா வுடுவாங்க? நல்லா இருப்பாங்களா?” என்றான் கேசவன்.

கோதைக்கு வயிறு குளிர்ந்தது. இனி தான் வாயைத் திறக்கவே வேண்டாம், படமே எல்லாவற்றையும் பேசிவிட்டது என்று நினைத்தாள். பைத்தியக்காரி.

படத்தில் மூவரும் ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டார்கள். டிவியை அணைத்தார்கள். ஹரிப்ரியா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

“யக்கா, பிரித்திகாவுக்கு எக்ஸாம் வருது. இருக்கறது ஒரு ரூமு” என்றான் கேசவன், அழுத தொண்டை இன்னும் கரகரக்க. “வள்ளி வூட்ல...”

“எங்க மாமியாரப் பத்தித் தெரியாதாண்ணா? இந்த வாசனைக்கு வூட்ட ரெண்டாக்கிடும்” என்று வள்ளி முந்திக்கொண்டாள். “நகரில அக்கம்பக்கம் இருக்குதில்ல. அஞ்சு வாரம்தானேக்கா, ஓடிப்பூடும். நான் தெனிக்கும் போன் பண்றேன்.”

“ஆறு மணிக்கு வண்டி இருக்குது. நானே இட்டுக்கினு போய் ஏத்தி வுடறேன்” என்றான் கேசவன்.

கோதை சண்டை போடவில்லை. வளர்த்த வாய்க்கு ஏச வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டு பேருக்காகவா அத்தனை வருஷம் நின்றோம் என்று முதல் முறையாகத் தோன்றியது. அந்த நினைப்புக்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டில் போட்டிருந்த நைட்டியோடு ரயிலேற முடியாது. உள் அறையில் வள்ளிதான் அவளுக்குப் புடவை கட்டிவிட்டாள். குனிந்து கொசுவம் மடித்தவளின் கன்னத்தில் படம் பார்த்து அழுத ஈரம் இன்னும் காயவில்லை.

“ஊக்க நல்லா இறுக்கிக் குத்துடி” என்றாள் கோதை. “வியாழக்கெழம புத்தூர்ல கட்டு மாத்தற வரிக்கும் இந்தப் பொடவதான். அவுத்தா மறுபடி கட்டி வுட எனக்கு ஆளில்ல.”

வள்ளி அண்ணியிடம் இன்னும் இரண்டு ஊக்கு கேட்டு வாங்கி, நன்றாகவே இறுக்கிக் குத்திவிட்டாள்.