பெயர் அழிந்த ஸ்லைடுகள்

இது நடந்தது. 2007 ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். இருட்டில் எதையோ பார்த்து மிரண்டேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

சிவகாசிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் தாவரவியல் ஆசிரியை. தீப்பெட்டிக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை பார்த்த சீனிவாசகம் என்பவர், வெளிநாட்டு மைக்ராஸ்கோப் ஸ்லைடுகளைத் தபாலில் வரவழைத்துச் சேர்த்திருந்தார். அவர் இறந்து பல வருடம் கழித்து, மகள் பாண்டிச்செல்வி அவற்றை எங்களுக்குக் கொடுத்தார். பத்தொன்பது ஸ்லைடுகள். ஒவ்வொன்றிலும் டயாட்டம், கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் கடலில் வாழ்ந்த பாசியின் ஓடு. பெயர்ச் சீட்டுகளைப் பூச்சி அரித்திருந்தது. என்ன இனம் என்று கண்டுபிடித்துப் படமெடுக்க வேண்டும்.

அந்த வேலை கற்பகவல்லிக்குப் போனது. என்னைவிட ஆறு வயது இளையவள். எங்கள் துறையில் சேர்ந்து எட்டு மாதம்தான். எனக்கு வயிறு எரிந்தது. அவள் ஊரில் இல்லாத நாளில் நானே முடித்துவிடுவது என்று ஆய்வகச் சாவியை வாங்கினேன்.

மணி 2.40. முதல் ஸ்லைடை வைத்தேன். சிலந்தி வலை போல ஒரு வட்டம். கேமராவை எடுக்கத் திரும்பினேன்.

க்ளிக்...

ஸ்லைடைப் பிடித்திருக்கும் கிளிப் விடுபடும் சத்தம். மறுபடி கண் வைத்தேன். வட்டம் இல்லை. முக்கோணம். பெட்டியில் இரண்டாவதாக இருந்த ஸ்லைடு அது. நான் மாற்றவில்லை.

முதலில் வந்தது பயமில்லை, சந்தேகம். கற்பகவல்லி வந்து விளையாடுகிறாளா? பீரோவுக்குப் பின்னால்கூடத் தேடினேன். யாருமில்லை. 3.05க்கு அவளுக்குப் போன் போட்டேன்.

"எங்கன இருக்க?"

"ஏழாயிரம்பண்ணையிலக்கா, காதுகுத்து வீட்ல." பின்னால் மேளச் சத்தம் கேட்டது. "உங்க பக்கத்துல யாருக்கா, டயாட்டம் பேரா சொல்றாக?"

"யாருமில்ல."

"இல்லக்கா... ஆம்பளக் குரல். நல்லாக் கேக்குது. இருங்க, எழுதிக்கிறேன்."

எனக்கு எதுவும் கேட்கவில்லை.

க்ளிக்... க்ளிக்...

மைக்ராஸ்கோப்பின் குமிழ் தானாகத் திரும்பியது. மெதுவாக... பதமாக.

லென்ஸில் மூச்சின் ஆவி படர்ந்தது.

போனை வைக்காமல் நின்றேன்.

அப்போதும் மனதுக்குள் ஒன்றே ஒன்று. நான் இருக்கும் அறை. அவளுக்கு மட்டும் சீனிவாசகம் ஏன் சொல்கிறார்?

3.31.

"நிறுத்திட்டாகக்கா. பத்தொன்பது."

ஓடிவிட்டேன்.

மறுநாள் அவள் எழுதிய பட்டியலை ஸ்லைடுகளோடும் புத்தகத்தோடும் ஒப்பிட்டோம். பத்தொன்பதும் சரி. பெட்டியில் இருந்த வரிசையிலேயே. கட்டுரை அவள் பெயரில் மட்டும் வந்தது. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

அந்தக் கட்டுரையைக் கொடுக்க, பாண்டிச்செல்வியின் ஊரான எம். புதுப்பட்டிக்கு நான்தான் போனேன். அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று அவரிடம் கேட்டேன்.

"எங்கப்பாவுக்குப் பொறந்ததுலருந்தே பேச்சு வராதும்மா. எம்புட்டுப் பெரிய விசயமானாலும் எழுதித்தான் காட்டுவாக."