அக்காளின் பீச் மரமும் அதைக் கொன்ற தண்ணீரும்

எங்கள் அக்காள் மறைந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரில் இனிய சொற்களை எதிர்பார்க்கும் உறவினர்கள் பொறுத்தருள வேண்டும். என் கோபம் இன்னும் தணியவில்லை.

அக்காள் வாலாஜாபேட்டையில் பிறந்தார்கள். ஆம்பூரில் தோல் பதனிடும் கொட்டகையொன்றில் கணக்கராயிருந்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார்கள். பிள்ளைப்பேறு இல்லை. ஏலகிரி மலையிலிருந்து விறகு கொண்டுவரும் வண்டிக்காரர் தந்த பீச் கன்றைக் கொல்லைக் கிணற்றோரம் நட்டார்கள். மலைக்குளிரில் காய்க்கும் மரம் ஆம்பூர் வெயிலில் தாங்காது என்று சுற்றத்தார் சிரித்தார்கள். அக்காள் விடவில்லை. வெயிலில் பட்டை வெடிக்காதிருக்க அடிமரத்துக்குச் சுண்ணாம்பு பூசினார்கள். மார்கழியில் தண்ணீரை நிறுத்தி, இலைகளைக் கையாலேயே உருவிவிட்டார்கள். தை பிறந்து தண்ணீர் பாய்ச்சியதும் மொட்டைக் கிளையெல்லாம் இளஞ்சிவப்புப் பூ. சித்திரையில் பழம். சிரித்தவர்கள் வேலூரிலிருந்தும் கணியம்பாடியிலிருந்தும் வந்து மடி நிறைய வாங்கிப் போனார்கள்.

மறு வருஷம் அத்தானின் முதலாளி அக்காள் வீட்டுக் கொல்லைச் சுவருக்குப் பின்னால் குழி வெட்டி, தோல் ஊறிய உப்புத் தண்ணீரையும் சுண்ணாம்புத் தண்ணீரையும் அதில் விட்டார். கிணறு கரித்தது. இலைகள் ஓரம் தீய்ந்து, பிஞ்சு உதிர்ந்து, ஆடிக்குள் மரம் பட்டுப்போயிற்று.

அக்காள் ஒரு செம்பில் கிணற்றுத் தண்ணீரோடு கொட்டகை வாசலுக்குப் போனார்கள்.

"மரந்தானே போச்சு? வேற ஒண்ணு வச்சுக்கோம்மா" என்றார் முதலாளி.

"மரத்த வுடுங்க. இந்தத் தண்ணிய ஒரு வாய் குடிங்க. நான் பேசாம போய்டறேன்."

அவர் குடிக்கவில்லை. மறுநாள் அத்தானுக்கு வேலை போயிற்று. வீட்டுக்கு வந்த அத்தான், "நீ கேட்டது சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

குழியை மூடச் சொல்லித் தாசில்தாருக்கு மனு எழுதி, ஆம்பூரிலுள்ள உறவினர்களே, அக்காள் உங்கள் வீடுகளுக்கெல்லாம் கையெழுத்துக்கு வந்தார்கள். "எங்களுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு? எங்க புள்ளைங்க அவருகிட்டதான வேலை செய்யுது" என்று கதவைச் சாத்தினீர்கள். நாலைந்து பெயர் மட்டும் இருந்த மனுவை யாரும் மதிக்கவில்லை. கடைசிக் காய்ச்சலில் படுக்கும்வரை அக்காள் குடிதண்ணீரை வெளியிலிருந்தே சுமந்தார்கள். அந்தக் காய்ச்சலிலிருந்து எழவேயில்லை.

நன்றி சொல்ல எனக்கு இருவர் உண்டு. மனுவில் கைநாட்டு வைத்த விறகு வண்டிக்காரர் ஒருவர். "எங்க கெணறு இருக்குதே, எடுத்துக்கினு போ தங்கச்சி" என்று கடைசிவரை தண்ணீர் கொடுத்த அடுத்த தெரு முஸ்லிம் அம்மையார் மற்றவர். இன்றைய நினைவு நாள் சாப்பாட்டில் உங்கள் இலையோரம் வைத்திருப்பதும் அவர் வீட்டுத் தண்ணீர்தான்.

குழி இன்னும் திறந்தே கிடக்கிறது. புது மனு எழுதிவிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவியதும் யாரும் போய்விட வேண்டாம்.